‘பக்கத்து வீட்டில் நான் பேசிட்டேன்’ என்று மேஸ்திரி சொன்னால் நம்பிவிடாதீர்கள்

எங்கள் வீட்டின் பக்கச்சுவர் எல்லையை ஒட்டியே நிற்கிறது. வெளியே ஒரு விரிசல், அதன் வழியாக உள்ளே ஈரக்கசிவு. படுக்கையறைச் சுவரில் உப்பு பூத்து, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. உள்ளே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது, வெளிப்பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டு இடத்தில்தான் சாரம் கட்டியாக வேண்டும்.

ஒப்பந்தம் எடுத்த மேஸ்திரி, "அதெல்லாம் நான் பேசிட்டேன் சார், ரெண்டே நாள் வேலை" என்றார். நானும் நம்பி முக்கால்வாசிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டது அந்த வீட்டில் கீழே வாடகைக்கு இருப்பவரை மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டின் சொந்தக்காரம்மா அப்போது ஊரில் இல்லை.

மூன்றாம் நாள் அவர் வந்து பார்த்தபோது நானும் அங்கே நின்றேன். சாரக்கம்பு ஊன்றிய இடத்தில் தரை ஓடு நட்சத்திரம் போல விரிந்து உடைந்திருந்தது. ரோஜாத் தொட்டிகளின் இலைகளில் சிமெண்ட் பால் வழிந்து சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. கீழே ஒரு தார்ப்பாய்கூட விரிக்கவில்லை. "ஏம்ப்பா, ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றார், அவ்வளவுதான். எனக்குத் தலை நிமிரவில்லை.

வேலையை நிறுத்தச் சொன்னார், அதில் தப்பே இல்லை. மேஸ்திரி சாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். மறுபடி கட்ட வேண்டுமென்றால் தனியாகப் பணம் என்றார். அப்புறம் போனை எடுப்பதே இல்லை. பூச்சு கொத்திய செங்கல் சுவர் திறந்தபடி கிடக்க, மழை வந்தது. முன்பு கையகலம் இருந்த ஈரம் ஜன்னல் வரை ஏறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். அடுத்தவர் நிலத்தில் நுழைய வாங்கும் அனுமதி பொதுவாக ஒரு இசைவு மட்டுமே, நிலத்தின் மேல் உரிமை ஆகாது என்றார். இந்தியாவில் 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் (அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள பயன்பாட்டு உரிமை) சட்டம் இதை லைசென்ஸ் என்று தனியாகவே பிரித்துச் சொல்கிறது. இங்கிலாந்தில் 1992இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி அங்கே பக்கத்து வீட்டார் மறுத்தால், வீட்டைக் காக்க அவசியமான பழுதுவேலைக்கு நீதிமன்றம் மூலம் அனுமதி கேட்கலாம். நாட்டுக்கு நாடு விதி மாறும், உங்கள் ஊர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எங்கே இருந்தாலும் முதலில் நீங்களே நேரில் போய், வீட்டு உரிமையாளரிடமே கேளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

"ரெண்டு நாள்" என்பதும் பொய்தான். சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். அது காய்ந்த பிறகுதான் பெயிண்ட். ஆக, பூச்சு போட்ட பிறகும் பல நாள் அந்தப் பக்கம் போய் வர வேண்டியிருக்கும். அனுமதி கேட்கும்போதே இதையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் முறை நானே அந்தச் சொந்தக்காரம்மாவிடம் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணிக்கு ஆள் வருவார்கள், எவ்வளவு அகலம் வேண்டும், எது உடைந்தாலும் நான் சரிசெய்து தருவேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். தரை, தொட்டி, மதில் எல்லாவற்றையும் வேலைக்கு முன்னாலேயே போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பினேன். புது மேஸ்திரிக்கு வேலை நடக்க நடக்கத்தான் பணம். சாரக்கம்புக்குக் கீழே பலகை வைத்தார், தரை முழுக்கத் தார்ப்பாய் விரித்தார்.

சுவர் இப்போது காய்ந்துவிட்டது. அந்த உடைந்த ஓட்டுக்கு மட்டும் அதே நிறம் இன்னும் கிடைக்கவில்லை. துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.