சுத்தமாக ரேஸ் ஓட்ட: கிரான் டூரிஸ்மோ 7-ஆ, ஐரேசிங்கா?

பிளேஸ்டேஷனில் ஆடும் கிரான் டூரிஸ்மோ 7, கணினியில் ஆடும் ஐரேசிங் இரண்டும் கார் பந்தய வீடியோ கேம்கள். ஆன்லைனில் இடித்துத் தள்ளாதவர்களோடு ஓட்ட வேண்டும், எதில் சேரலாம் என்று தயங்குபவர்களுக்காக இது.

செலவு: கிரான் டூரிஸ்மோ 7-ஐ ஒருமுறை வாங்கி, ஆன்லைன் பந்தயத்துக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டினால் போதும். ஐரேசிங்கில் சந்தா போக, பெரும்பாலான கார்களையும் டிராக்குகளையும் தனித்தனியாக வாங்க வேண்டும். பர்ஸ் இளைத்துவிடும்.

கருவி: முன்னதற்குக் கன்ட்ரோலரே போதும். பின்னதற்குக் கணினி வேண்டும், ஸ்டீயரிங் வீலும் இருந்தால்தான் சரிவரும்.

ஒழுங்கு: இதுதான் முக்கியம். கிரான் டூரிஸ்மோ உங்கள் நடத்தைக்கு ஈ (மோசம்) முதல் எஸ் (மிகச் சிறப்பு) வரை தரம் கொடுக்கிறது. ஐரேசிங்கோ யார் தவறு என்றே பார்ப்பதில்லை. தார்ச்சாலைப் பந்தயத்தில் தடம் விட்டு இறங்கினால் 1 தண்டனைப் புள்ளி, கார் சுழன்றால் 2, பலமாக மோதினால் இருவருக்கும் 4. அநியாயம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்புறம் பாருங்கள்: வளைவில் ஒருவர் உள்பக்கம் மூக்கை நுழைத்ததும், கால் தானாக பிரேக்குக்குப் போகும், ஒரு கார் அகலம் இடம் விடுவீர்கள். இந்தப் பழக்கத்துக்காகவே எனக்கு ஐரேசிங் உசத்தி.

தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும், வீலும் இல்லை என்றால் கிரான் டூரிஸ்மோ. வாரக்கணக்கில் பொறுமையாகப் பழகி, தண்டனைப் புள்ளி குறைவாக ஓட்டினால் உயரும் லைசென்ஸ் படிகளில் ஒவ்வொன்றாக ஏற ஆசையா? சரி, ஐரேசிங்.