ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர்கள் ஃபயர் பாலிசி எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மதியம் கிளெய்ம் கடிதம் மெயிலில் வந்தது. யூனிட்டில் தீப்பிடித்து வீணான 6,40,000 ரூபாய் சரக்குக்கு ஒரு பைசா கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் என்னைப் போல ஜாப் ஒர்க் செய்து பிழைப்பவர்கள் எத்தனையோ பேர். அதில் நாலு பேராவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் எங்களுக்குச் சின்ன யூனிட். செக்கிங், அயர்னிங், பேக்கிங். எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து தைத்த பீஸ் சலான் (சரக்கோடு வரும் சீட்டு) போட்டு வரும். பிசிர் வெட்டி, அயர்ன் போட்டு, பாலி பேக்கில் மடித்து, பெட்டி கட்டி அனுப்புவோம். எங்கள் தரையில் கிடக்கும் பனியன் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. டேபிள், பாய்லர், மெஷின், இவைதான் எங்கள் சொத்து. சரக்குக்கு ஏதாவது ஆனால் கம்பெனிக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கும் சின்னப் பையனுக்கும் இது தெரியும்.

பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டி ஆன்லைனில் விற்கும் ஒரு தளத்தில் நம்பர் கொடுத்தேன். உடனே போன் வந்தது. கோவைப் பக்கத்துப் பேச்சு, வாய்க்கு வாய் அண்ணா. எடுத்த எடுப்பிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்: "தம்பி, சரக்கு நம்முது இல்லைங்க, கம்பெனியோடது. எரிஞ்சு போனா நான்தான் கட்டணும். அதுக்குத்தான் பாலிசியே கேக்கறேன்." போட்டோ அனுப்பச் சொன்னார். கம்பெனி டேக் தொங்கும் பண்டல்களையும், சலான் ஒன்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "எல்லாம் பாத்துட்டேங்ணா. உள்ள இருக்கற ஸ்டாக் எதுவா இருந்தாலும் கவர் ஆயிருங்க. நீங்க நிம்மதியா இருங்க." படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்பதால் நம்பினேன். அன்றைக்கே 18 சதவீத ஜிஎஸ்டியோடு பணம் கட்டினேன். மெஷினுக்குத் தனியாக, ஸ்டாக்குக்கு 8 லட்சம் என்று பாலிசி வந்தது.

பாலிசியின் பெயர் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஒரே இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் கொண்டுவந்த பொதுப் பாலிசி. தீ, வெள்ளம், புயல் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பாலிசியை நான் குறை சொல்லவில்லை. என் தொழிலுக்கு ஏற்றபடி அதில் எழுத வேண்டியதை எழுதாமல் விற்றார்களே, அதுதான் எரிகிறது.

விடியற்காலையில் ஸ்விட்ச் போர்டில் பிடித்த தீ. எரிந்தது பாதி, தண்ணீரில் நனைந்து வீணானது பாதி. நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், நல்ல மனிதர். சலான் புக்கைக் கேட்டார். அது நனைந்து தாளோடு தாள் ஒட்டிக்கிடந்தது. பேனா முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர், நிமிர்ந்து, "சரக்கு உங்க பேர்ல இல்லையே. ஹெல்ட் இன் ட்ரஸ்ட்னு பாலிசியில போட்டிருக்காங்களா?" என்றார். போனில் பாலிசியைத் திறந்து வரிவரியாகத் தேடினோம். இல்லை. ஹெல்ட் இன் ட்ரஸ்ட் என்றால் அடுத்தவர் பொருள் நம் பொறுப்பில் இருப்பது. அப்படி இருந்தால் அதை ஷெட்யூலில், அதாவது பாலிசியோடு வரும் விவரப் பட்டியலில், எழுதியிருக்க வேண்டுமாம். எழுதாவிட்டால் கவர் கிடையாது. மெஷினுக்கு மட்டும் பணம் வந்தது.

சர்வேயர் வந்துபோனதிலிருந்தே ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்தத் தம்பியின் நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்து, அவர் இப்போது வேறு டீம் என்கிறார். கஸ்டமர் கேரில் ஒரு டிக்கெட் நம்பர், 48 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்ற மெசேஜ். யாரும் கூப்பிடுவதில்லை, டிக்கெட் மட்டும் தானாக மூடிவிடுகிறது. மேலே பேச வேண்டும் என்று சண்டை போட்டால், "நாங்க இடையில இருக்கறவங்க சார், முடிவு இன்ஷூரன்ஸ் கம்பெனியோடது" என்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கேட்டால், ப்ரொப்போசலில் (பாலிசி கேட்டு நிரப்பும் விண்ணப்பம்) இருந்ததைத்தான் நாங்கள் போட்டோம் என்கிறார்கள். அந்த ப்ரொப்போசலை நிரப்பியது யார்? தளத்தின் ஆள். அவர் பேசியதெல்லாம் ரெக்கார்ட் ஆகும் என்று ஒவ்வொரு காலிலும் முதலில் சொல்கிறார்களே, அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். உள் உபயோகத்துக்கு மட்டும், தர முடியாது என்று பதில். 8 லட்சம் ஸ்டாக்குக்கு பிரீமியம் வாங்கும்போது அது யாருடைய ஸ்டாக் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் சரக்கே இல்லாத இடத்தில் எந்த ஸ்டாக்குக்கு அந்தப் பணத்தை வாங்கினார்கள்?

இதற்கிடையில் எக்ஸ்போர்ட் கம்பெனி சரக்கு நஷ்டத்தை என் கணக்கில் எழுதி 6,40,000 ரூபாய்க்கு டெபிட் நோட் போட்டுவிட்டது. செய்து கொடுத்த வேலைக்கான பில்லெல்லாம் அதில் கழிகிறது. சனிக்கிழமை வந்தால் லேபருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது முடியவில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். கம்பெனிச் சரக்கு வைத்திருந்தால் ஷெட்யூலில் ஹெல்ட் இன் ட்ரஸ்ட் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், போனில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மெயிலில் வாங்குங்கள். அவர்கள் நிரப்பிய ப்ரொப்போசல் காப்பியைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சரக்கு வேறு குடோனிலும் இருந்தால் அந்த முகவரியும் வர வேண்டும். பூட்டை உடைத்துத் திருடினால் இந்தப் பாலிசி தராது, அதற்குத் தனிப் பாலிசி. மறுத்துவிட்டால் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். தனி உரிமையாளர்களும் குறுந்தொழில்களும் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நானும் இன்று புகாரை அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் போன அந்த போட்டோக்கள் தேதியோடு என்னிடம் இருக்கின்றன. இதே காரணத்தைச் சொல்லி உங்களுக்கும் மறுத்து, பிறகு பணம் வாங்கியிருந்தால், என்ன பேப்பர் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.