வாவிக்கு மேலால் கோடு போடும் தளம்: மேடைப் பகிடிக்காரர்களுக்கு என் பாவனை அனுபவம்

கல்முனை நண்பர் ஒருவர் கேட்டார்: கலைஞர்களை நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்யும் அந்த இணையத்தளம் வருடச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறது, சேரலாமா? அவரும் என்னைப்போல ஸ்டாண்டப் கொமடி செய்பவர். வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன். சுயவிவரம் போடுவது, வீடியோ ஏற்றுவது, விலை வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டுத் தளங்களைப் பற்றியும் கேட்டார். கிக்சாலட் மாதிரியானவை அமெரிக்கா, கனடாவுக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கானவை. மட்டக்களப்புப் பக்கத்தில், என் ஊரான களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு அதில் மேடை தேட முடியாது. ஃபைவரில் பகிடி எழுதிக் கொடுக்கலாம், 100 டொலர் வேலைக்கு 20 டொலரை அவர்கள் கழித்துக்கொள்வார்கள். அது மேசையில் இருந்து செய்யும் வேலை. நமக்கு வேண்டியது சனத்துக்கு முன்னால் நிற்பது. ஆகவே பேச்சு இந்த ஒரு தளத்தைப் பற்றித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய நல்லது. காசு முன்கூட்டியே கட்டப்பட்டுவிடுகிறது. பதிவு செய்பவர் முழுத் தொகையையும் தளத்தில் கட்டுகிறார், நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாளில் அது நம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நம் ஊரில் மேடை ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசி இறங்கினால் பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். காசுப் பேச்சு வரவே வராது. கேட்டால் நாம்தான் மரியாதை தெரியாதவர். மேளக்காரருக்கும் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் எண்ணிக் கொடுக்கிற அதே வீட்டில் பகிடி சொல்கிறவனுக்குக் கொடுப்பது மட்டும் அன்பளிப்பு என்றே நினைக்கிறார்கள். அந்த நினைப்பை இந்தத் தளம் எனக்கு மாற்றித் தந்தது. இது என் தொழில், இதற்கு விலை இருக்கிறது என்று வீட்டாருக்கும் சொல்ல முடிந்தது.

இன்னொன்று, லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் ஆட்கள். ஆடி ஆவணியில் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்கு வருவார்கள். சாமத்தியச் சடங்கு, கலியாணம், அறுபதாம் கலியாணம் என்று வரிசையாக நடக்கும். அவர்கள் அங்கிருந்தே தளத்தில் தேடிப் பதிவு செய்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் அவர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்க வழியே இல்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். ஒரே ஒரு குறைதான். தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறார்கள்.

என் வீட்டில் புள்ளி வைத்து ஒரு வட்டம் போடுகிறது தளம். 15 கிலோமீற்றருக்குள் பயணக் கட்டணம் இல்லை, அதற்கு வெளியே கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்குப் போட்டு வாடிக்கையாளருக்குக் காட்டிவிடும். கொழும்புக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஏறத்தாழ 56 கிலோமீற்றருக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பார்த்தால் மண்டூர் தளத்தின் கணக்கில் பக்கத்து ஊர், பயணம் இலவசம். பகலில் என்றால் குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை) ஏறி அக்கரை போகலாம், அதுவும் பாதை வரும்வரை காத்திருந்துதான். சடங்கு வீட்டில் என் நிகழ்ச்சி தொடங்குவதே இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. முடிகிற நேரத்தில் பாதை ஏது? பட்டிருப்புப் பாலத்தால் ஏறி, போரதீவு, வெல்லாவெளி என்று சுற்றித்தான் போய்வர வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி இருப்பதால் மோட்டார் சைக்கிள் சரிவராது, ஆட்டோதான். அந்த வீதியில் இரவில் யானைப் பயம் என்பதால் ஆட்டோக்காரர் திரும்பி வருவதற்கும் சேர்த்தே காசு கேட்பார். அவர் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. அம்பிளாந்துறைக்கும் இதே கதைதான். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் கொஞ்சம் இலகு, ஆனாலும் நேர்கோடு நேர்கோடுதான், வீதி வீதிதான்.

போன மாதம் மண்டூர்ப் பக்கம் ஒரு சடங்கு வீடு. பதிவு செய்தது லண்டனில் இருக்கும் மகள். வீட்டில் நின்றது தகப்பனார். ஆட்டோக் காசைப் பற்றிச் சொன்னேன்.

“மனே, மகள் அங்கயிருந்து எல்லாத்தையும் கட்டிற்றாளாமே. இன்னும் என்ன காசு?”

“ஐயா, அது நிகழ்ச்சிக் காசு. வாகனக் காசு அதில இல்ல.”

“பயணம் இலவசம் எண்டு போனில காட்டினாளே மனே.”

அவர் சொன்னது உண்மை. அவர் போனிலும் அப்படித்தான் இருந்தது. வாக்குத் தவறியவனைப்போல அந்த மனிசன் என்னைப் பார்த்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காசை நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

இதைத் தளத்தாருக்கு வரைபடத்தோடு எழுதினேன், பாலங்களைக் குறித்தே அனுப்பினேன். இருப்பிடப் புள்ளியைத் துல்லியமாக வையுங்கள் என்று பதில் வந்தது. திரும்ப எழுதினேன், அதே பதில். வட்டத்தைச் சுருக்கிப் பார்த்தேன்: ஐந்து கிலோமீற்றர் என்று வைத்தால் வீதியால் இலகுவாகப் போகக்கூடிய குருக்கள்மடத்துக்கும் கல்முனைக்கும் விலை ஏறிவிடுகிறது. அழைப்பை மறுத்தாலோ ஏற்பு வீதம் குறைந்து, தேடுபவர்களுக்கு நம் பெயர் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். ‘பயணச் செலவு பேசித் தீர்மானிக்கப்படும்’ என்று ஒரு தெரிவு வைத்தால் போதும். அதற்கு என்ன பெரிய வேலை?

நியாயமாகப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்வதும் கஷ்டம். நேர்கோடு எல்லா ஊருக்கும் ஒரே சூத்திரம், வீதிக் கணக்குக்கு வரைபடச் சேவைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். சின்ன நிறுவனம், கலைஞர்களின் காசை ஒரு நாளும் பிந்தாமல் கொடுக்கிறது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கால் அடிபடுவது படுவான்கரை. அதைத்தான் என்னால் விட முடியவில்லை. எழுவான்கரைப் பகிடிக்காரர்கள் பலர் இப்போது அக்கரை அழைப்பு என்றாலே ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிவிடுகிறார்கள். நான் நின்ற மேடைகளில் மிகச் சிறந்த சனம் அங்கேதான் இருக்கிறது. வட்டக்களரி என்கிற வட்டமான கூத்து மேடையைச் சுற்றியிருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். மத்தளமும் சல்லரியும் போகிற போக்கைக் கேட்டே கூத்தின் இரண்டு பாணிகளில் எது, வடமோடியா தென்மோடியா என்று சொல்லிவிடுவார்கள். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே அடுத்த வரிக்கு இடம் விட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பாசிக்குடா ஹோட்டலில் இரண்டு மடங்கு காசுக்குச் செய்த நிகழ்ச்சியில் எனக்கு அந்தச் சந்தோசம் கிடைக்கவில்லை.

சரி, நண்பரின் கேள்வி. கல்முனையில் இருப்பவருக்கு இந்தக் குறை அவ்வளவாகப் படாது. அவருக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோரமாகத்தான். வீதியும் கடலை ஒட்டியே போகிறது, நேர்கோட்டுக்கும் வீதிக்கும் பெரிய வித்தியாசம் வராது. சீசனில் அறுகம்பேப் பக்கம் ஆங்கிலத்தில் செய்யவும் இடம் கிடைக்கலாம். சந்தாவும் பாதி விலை. காசு ஒழுங்காக வரும். கணக்குப் பார்த்தால் சேரச் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது, பாதி விலைக்கும் நான் புதுப்பிக்கப் போவதில்லை. தளத்திடம் கற்ற முற்பண ஒழுங்கை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: பாதிக் காசு ஒரு கிழமைக்கு முன்னரே வங்கியில், மீதி மேடை ஏறுமுன். பயணச் செலவு அன்றைய ஆட்டோக் கூலிப்படி, போனில் பேசும்போதே சொல்லிவிடுவேன். மண்டூர் ஐயாவின் மருமகன் தை மாதக் கலியாணம் ஒன்றுக்கு நேரடியாகவே எடுத்துப் பேசினார், ஆட்டோவை அவர்களே அனுப்புகிறார்கள்.