கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எனக்கு லேப்டாப் விற்ற கடையிடமிருந்து நேற்று மாலைதான் கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று ஒற்றை வரி. என்ன முடிந்தது, யார் முடித்தார்கள், ஒன்றும் இல்லை. போனது என் 14 மாதச் சேமிப்பு. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னும் பின்னுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற பணத்துக்கு ஏற்ற கேமிங் லேப்டாப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கேமிங் லேப்டாப்புகளை மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. கறுப்புப் பின்னணி, வண்ண வண்ணமாக ஒளிரும் கீபோர்டு படங்கள், "நாங்களும் கேமர்கள்தான்" என்ற வாசகம். இப்படிப்பட்ட கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் விவரம் தெரியாமல் போய் விழவில்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஆறு மாதம் படித்துவிட்டுத்தான் வாங்கப் போனேன். கேட்க வேண்டிய கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டேன். பதிலும் வந்தது. அந்தப் பதிலை நம்பினேன்.

கேள்வி இதுதான்: "இதில் கிராஃபிக்ஸுக்கு எத்தனை வாட்?"

புதிதாக வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கேமிங் லேப்டாப்பில், திரையில் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் பாதி விவரம்தான். அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் கிடைக்கிறது என்பது மீதிப் பாதி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கலாம். 4060-க்கும் அதே 35 முதல் 115 தான். அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. பிராசஸருக்குத் தேவைப்படாத மின்சாரத்தில் 25 வாட் வரை கிராஃபிக்ஸ் பக்கம் திருப்பிவிடும். 115-உம் 25-உம் சேர்ந்து 140. முழு பவர் 4070 என்று சொல்வது இதைத்தான். மெல்லிய லேப்டாப்பில் சூடு வெளியேற இடம் போதாது, அதனால் வாட்டைக் குறைத்து வைப்பார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. எடை குறைவாக வேண்டும் என்பவர்கள் தெரிந்தே அதை வாங்குகிறார்கள். தெரியாமல் வாங்க வைக்கிறார்களே, அதுதான் அநியாயம். முன்பெல்லாம் வாட் குறைந்த சிப்பின் பெயரோடு மேக்ஸ்-கியூ என்ற ஒட்டு இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். 2021-இல் 30 வரிசைச் சிப்புகள் வந்தபோது அந்த ஒட்டு பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது மெல்லியதற்கும் கனமானதற்கும் ஸ்டிக்கரில் ஒரே பெயர்தான்.

நான் பார்த்த விளம்பரத்தில் எல்லாம் இருந்தது. ஆர்டிஎக்ஸ் 4070, அதற்கு 8 ஜிபி நினைவகம், 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 165 ஹெர்ட்ஸ் திரை. வாட் மட்டும் இல்லை. அதைக் கவனித்துத்தான் கடையின் சாட்டில் கேட்டேன். சாட்டில் பதில் போடவில்லை. "உங்கள் எண்ணைக் கொடுங்கள் மேடம், எங்கள் டெக்னிக்கல் ஆள் பேசுவார்" என்றார்கள். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எழுத்தில் கேட்ட கேள்விக்கு எதற்கு வாய்ப்பேச்சில் பதில்?

பத்தே நிமிடத்தில் போன் வந்தது. பேசியவர் குரலில் அவசரமே இல்லை. நான் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் அவரே சொன்னார்: "140 வாட் மேடம். 115 பேஸ், டைனமிக் பூஸ்ட்டோட 140. மக்ஸ் ஸ்விட்ச்கூட இருக்கு. நீங்க விவரமா கேக்குறீங்க, பெரும்பாலும் யாரும் இதைக் கேக்குறதே இல்ல. நாங்க ஒவ்வொரு பீஸையும் டெஸ்ட் பண்ணிட்டுதான் அனுப்புறோம்." (மக்ஸ் ஸ்விட்ச் என்பது கிராஃபிக்ஸ் சிப்பை நேராகத் திரையோடு இணைக்கும் வசதி.)

நான் நம்பிய நொடி அது. அவர் 140 என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன். 115-ஐயும் 25-ஐயும் பிரித்துச் சொன்னார் பாருங்கள், அங்கே விழுந்துவிட்டேன். விஷயம் தெரிந்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று எப்படி நினைத்தேன் என்று இப்போதும் புரியவில்லை. விஷயம் தெரிந்தவரால்தானே நம்பும்படி பொய் சொல்ல முடியும்.

அப்புறம் வழக்கமான பேச்சு. கடைசி ஒரு பீஸ்தான் இருக்கிறது. கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் அது கிடையாது, பையும் மவுஸும் இலவசம். அனுப்பினேன். 14 மாதச் சேமிப்பு, ஒரே தடவையில். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். ஒரு பைக்கும் மவுஸுக்கும் அந்தப் பாதுகாப்பை விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் பெட்டி வந்தது. திறந்து மேஜையில் வைத்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சியை எழுத இப்போது மனம் வரவில்லை. விளக்கு வெளிச்சத்தில், விளையாட்டில் நகர்வதற்கு அழுத்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகளும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பளபளப்பாகத் தெரிந்தன. ஏதோ பூச்சு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். விளையாடுகிற எவருக்கும் தெரியும், அந்த நான்கு விசைகள் எப்படிப் பளபளப்பாகும் என்று. எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் கண் அதைப் பார்க்க விரும்பவில்லை.

அடுத்த நாள் விளையாடிப் பார்த்தேன். பெரிய திறந்தவெளி விளையாட்டு. தோழியிடம் இருக்கும் 4060 லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் என்னுடைய 4070 திணறியது. என் அமைப்பில் ஏதோ தவறு என்று ஒரு மணி நேரம் தேடினேன். பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியைத் திறந்தேன். அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியில் 80 வாட் என்று இருந்தது. பூஸ்ட்டையும் சேர்த்து 80! விளையாடும்போது அளந்து பார்த்தால் 65-ஐ ஒட்டியே நின்றது. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 20 வோல்ட், 7.5 ஆம்பியர். பெருக்கினால் 150 வாட். கிராஃபிக்ஸுக்கே 140 போய்விட்டால் பிராசஸருக்கும் திரைக்கும் மிஞ்சுவது 10 வாட். இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவராது. பெட்டியைத் திறந்த நிமிடத்திலேயே சார்ஜர் உண்மையைச் சொல்லியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

திருப்பி அனுப்ப 7 நாள் அவகாசம் உண்டு என்று கடையின் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் புகார் எழுதியது பெட்டி வந்த இரண்டாம் நாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பதில்: டிரைவரை அப்டேட் செய்யுங்கள். செய்தேன். மூன்றாம் நாள்: பவர் மோடை மாற்றிப் பாருங்கள். அதை முதலிலேயே செய்தாயிற்று என்று படங்களோடு அனுப்பினேன். நான்காம் நாள்: அறை சூடாக இருக்கும், கூலிங் பேட் வாங்குங்கள். லேப்டாப்பே 80-க்கு மேல் கொடுக்காதபடி அமைக்கப்பட்டிருக்கிறது, அடியில் பனிக்கட்டியே வைத்தாலும் அது 140 ஆகாது என்று எழுதினேன். ஐந்தாம் நாள்: டெக்னிக்கல் குழு 48 மணி நேரத்துக்குள் அழைக்கும். யாரும் அழைக்கவில்லை. எட்டாம் நாள் காலையில் நானே அழைத்தேன். "திருப்பி அனுப்புற அவகாசம் முடிஞ்சிடுச்சு மேடம்."

அவகாசத்தைத் தின்றது யார்?

அன்று பேசியது வேறு ஒருவர். முன்பு பேசியவரின் பெயர் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். 140 வாட் என்று சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். இல்லை. "பெட்டியில 4070னு போட்டிருக்கா? உள்ள 4070 இருக்கா? அப்புறம் என்ன மேடம் ஏமாத்திட்டோம்?" நான் வாட் கணக்கை விளக்கத் தொடங்கியதும் நடுவில் வெட்டி ஒன்று சொன்னார்: "உங்க வீட்டுல விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க."

அந்த வாக்கியம் இன்னும் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பணத்தை வாங்கும்போது "விவரமா கேக்குறீங்க மேடம்". பணம் கைக்குப் போன பிறகு, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் விவரம் தெரிந்த ஆள் நான்தான். 14 மாதம் சேர்த்த ஆளும் நான்தான்.

போனை வைத்த பிறகு கோபத்தில் மிச்சத்தையும் தோண்டினேன். எஸ்எஸ்டி எவ்வளவு ஓடியது என்று காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஓடிய நேரம் 412 மணி. என் கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, நான் ஓட்டியது முப்பது மணி நேரம் இருந்தால் அதிகம். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்க வழி இருக்கிறது, எடுத்தேன். புதிதில் இருந்த கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. கடைசியாக, அடியில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டேன். வாரண்டி நான்கு மாதத்துக்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. வேறு யாரோ வாங்கி, விளையாடி, திருப்பிக் கொடுத்த பொருளைப் புதியது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த நான்கு விசைகளின் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

இதையெல்லாம் படங்களோடு அனுப்பினேன். வந்த பதில்: "தொழிற்சாலைச் சோதனையின்போது ஓடியிருக்கும்." கிட்டத்தட்ட 400 மணி நேரம் ஒரு லேப்டாப்பை எந்தத் தொழிற்சாலை சோதிக்கும்? வாரண்டி ஏன் நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்கியது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நேற்று மாலை அந்த ஒற்றை வரி மட்டும் வந்தது. புகார் முடிந்ததாம். 14 மாதச் சேமிப்பு அவர்களிடம், 80 வாட் லேப்டாப் என்னிடம். இதன் கிராஃபிக்ஸ் சிப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றுவதுபோல் அதை மாற்ற முடியாது. வாங்கும்போது என்ன வந்ததோ, கடைசிவரை அதுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கிராஃபிக்ஸ் வாட்டை எழுத்தில் வாங்காமல் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். போனில் சொன்னால், "இதையே மெயிலில் போடுங்கள்" என்று கேளுங்கள். போடாவிட்டால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் பல வகைகள் இருக்கும், முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்கித் தயாரிப்பாளரின் பக்கத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். வாட் குறைந்த 4070-க்குக் கொடுக்கும் பணத்தில் முழு பவர் 4060 வாங்கினால் மிச்சமும் இருக்கும், சில இடங்களில் அதுவே நன்றாகவும் ஓடும். டெஸ்க்டாப் 4070-இன் சோதனை வீடியோவைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள். அதில் 5,888 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகம். லேப்டாப்பில் வருவது 4,608 கோர்கள், 8 ஜிபி. பெயர் ஒன்றே தவிர சிப் வேறு.

16 ஜிபி ரேம் என்றால் ஒரே ரேம் குச்சியா, இரண்டு 8 ஜிபி குச்சிகளா என்று கேளுங்கள். ஒற்றைக் குச்சி என்றால் வேகம் குறையும். என்னுடையதில் ஒற்றைதான், அதைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

கார்டில் கட்டுங்கள், கூடுதல் கட்டணம் ஆனாலும் சரி. பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். வந்த அன்றே சார்ஜரின் வாட், கண்ட்ரோல் பேனலின் வாட், எஸ்எஸ்டி ஓடிய நேரம், வாரண்டி தொடங்கிய தேதி, இந்த நான்கையும் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. ஒன்று தவறாக இருந்தாலும் டிரைவர், கூலிங் பேட் என்று அவர்கள் சொல்வதையெல்லாம் செய்துகொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே, எழுத்தில், "திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுங்கள். நான் "சரிசெய்து கொடுங்கள்" என்றுதான் எழுதியிருந்தேன். "திருப்பி எடுங்கள்" என்ற சொல் என் மெயில்களில் எட்டாம் நாளில்தான் முதல்முறை வருகிறது. அதைத்தான் இப்போது எனக்கே எடுத்துக் காட்டுகிறார்கள்.