மின்சிக்கன வீடு என்ற பெயரில் வறண்ட நிலத்து வரைபடம்: கடலோரத்தில் கட்டுவோர் கவனத்திற்கு

கடலோரத்தில் வீடு கட்ட இருப்பவர்கள், மின்சிக்கன வடிவமைப்பு என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனங்களிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. எங்களுக்கு அப்படியொரு நிறுவனம் வரைந்து கொடுத்தது, பகலில் கொதித்து இரவில் நன்றாகக் குளிரும் வறண்ட நிலத்துக்கான வீடு.

தடித்த சுவர், சிறிய சன்னல் என்பதே அவர்களுடைய தாரக மந்திரம். பகல் வெப்பத்தைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விட்டுவிடும் என்றார்கள். கடலோரத்தில் இரவிலும் வெப்பநிலை சில பாகையே இறங்குவதால் சுவர் ஆறுவதே இல்லை; நள்ளிரவில் கை வைத்தாலும் வெதுவெதுப்பாக இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய சன்னல்களும், வெயில் சுவரில் படாதபடி அகன்ற சன்ஷேடும் வைத்திருந்தால் காற்றோட்டமாவது கிடைத்திருக்கும்.

கூரையில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்று சொல்லி, அலுமினியத் தாளைச் சிமெண்ட் கலவைக்குள் பதித்துப் பூசிவிட்டார்கள். அந்தத் தாள் வேலை செய்ய வேண்டுமானால் அதன் ஒரு பக்கத்திலாவது காற்று இடைவெளி வேண்டும். இல்லையெனில் அது வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகம்தான். போதாக்குறைக்கு, ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தையே அரித்துவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது படுக்கையறை. வெளிச்சுவரின் உட்புறத்தில் ஈரத்தை விடாத பிளாஸ்டிக்கான வினைல் வால்பேப்பர் ஒட்டி, தேவைக்கு மிகப் பெரிய ஏசியைப் பொருத்தினார்கள். 32 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றிலிருந்து, ஏறத்தாழ 27 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். வெளியிலிருந்து சுவர் வழியே ஊடுருவும் ஈரம், ஏசியால் குளிர்ந்த வினைலின் பின்பக்கத்தில் நீராகித் தேங்கி, வெளியேற வழியின்றிப் பூஞ்சையாகிவிட்டது. மூலையில் ஒரு துண்டை உரித்துப் பார்த்தபோது பூச்சு கறுத்து, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அளவுக்கு மீறிய ஏசியோ அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுகிறது. ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயிலில் ஒட்டிய நீர் வடிந்து வெளியேறும் அளவுக்கு அது தொடர்ந்து ஓடுவதில்லை. அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுக்கிறது.

புகார் செய்தபோது, ஏசியின் வெப்பநிலையை இன்னும் குறைத்து வைக்கச் சொன்னார்கள்! சுவர் மேலும் குளிர்ந்தால் ஈரம் மேலும் படியும் என்பதுகூடத் தெரியாதவர்கள் இதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், ஈரப்பதத்தால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்ற வரியை ஒப்பந்தத்தில் காட்டினார்கள். கடலோர வீட்டுக்கான ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். ஏசியின் அளவுக்கு ஈரப்பதத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கை எழுத்தில் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மறுத்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.