டீசல் கசிகிறதா? பம்பைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் விசைப்படகு மரப்படகு. இருபது வயது தாண்டிவிட்டது. உள்ளே லேலண்ட் ஆறு சிலிண்டர் எஞ்சின். நாகப்பட்டினத்தில் கட்டியிருக்கிறோம். இந்த வருஷம் பங்குனியிலேயே எஞ்சின் ரூமில் டீசல் வாடை அடித்தது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற மோட்டார் தானாக ஓடி, டீசலையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவதால் கசிவு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் படகுக்காரர் "உங்க படகைச் சுத்தித் தண்ணியெல்லாம் எண்ணெயா மினுக்குது" என்று சத்தம் போட்ட பிறகுதான் டேங்கில் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தேன். நிரப்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, படகும் கரையில்தான் நின்றது. நாற்பது லிட்டருக்கு மேல் காணோம்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாளில் எல்லாப் படகுக்கும் வேலை நடக்கும், நல்ல மெக்கானிக் கையில் சிக்கமாட்டார். தெரிந்தவர் சொல்லி ஒருவர் வந்தார். டார்ச் அடித்தார், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்புக்கு அடியில் விரலை வைத்து மோந்து பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "பம்ப் போச்சுண்ணே. எலிமென்ட் ஆறும் மாத்தணும்." எலிமென்ட் என்றால் பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து டீசலை அழுத்தும் பாகம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. டேங்க் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பம்பைக் கழற்றிக்கொண்டு போனார். பன்னிரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டினார். எலிமென்ட் 6, டெலிவரி வால்வு 6, செட்டிங் கூலி என்று எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். பழைய சாமான் என்று ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுத்தார். நானும் பிரித்துப் பார்க்காமல் பலகைக்கு அடியில் போட்டுவிட்டேன்.

டேங்கை நிரப்பினோம். மறுநாள் மறுபடி வாடை.

திரும்பக் கூப்பிட்டால், "அப்படின்னா டேங்க்தான் ஓட்டை" என்றார். டீசலை டிரம்மில் இறக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை வெல்டிங்காரரோடு வந்து நின்றார். டேங்கைக் கழுவவில்லை, மூடியைத் திறந்து காற்றோட விடவில்லை. நல்லவேளை, சித்தப்பா படகில் இருந்தார். "காலி டேங்க்ல நெருப்பைக் காட்டவா வந்தே? இறங்குடா கீழே!" என்று அவர் போட்ட சத்தத்தில் வெல்டிங்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பயம். சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்துவிடும். ஒரு பொறி போதும். பணம் போனதைக்கூட விடலாம், இதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் சித்தப்பாவே உட்கார்ந்தார். முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்: "குறையறது எங்கேயாவது வந்து நிக்குதா?" நான் அதைப் பார்க்கவே இல்லை. டேங்கை நிரப்பி மூன்று நாள் காலை மாலை குச்சி விட்டோம். முதல் இரண்டு நாள் குறைந்தது. மேலிருந்து நாலு விரல் இறங்கியதும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு குறையவில்லை. பம்போ, கீழே வரும் பைப்போ கசிந்தால் அந்த மட்டத்தில் நிற்க நியாயமே இல்லை. டேங்கின் அடி அரித்திருந்தாலும் அப்படித்தான். அப்படியென்றால் ஓட்டை அந்த நாலு விரல் மட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்த மட்டத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. மேல்தட்டிலிருந்து டீசல் ஊற்றும் ஓஸ் டேங்கின் பக்கவாட்டில் வந்து சேரும் இடம். சுற்றிலும் துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, வீட்டிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரைக் கொண்டுவந்து தூவினோம். டேங்கை மறுபடி நிரப்பினோம். அரைமணி நேரத்தில் கிளிப்புக்குப் பின்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில், வெள்ளைப் பவுடரில் ஒரு கருத்த கோடு இறங்கியது. அங்கே கண் போகாது, கண்ணாடி பிடித்துத்தான் பார்த்தோம். கோடு மரச்சட்டத்தில் இறங்கி, சட்டத்தோடு பின்பக்கம் ஓடி, பம்புக்கு நேர் கீழே சொட்டியது. மெக்கானிக் விரலை வைத்து மோந்த அதே இடம்.

ஓஸைக் கழற்றினால், அது டீசல் ஓஸே இல்லை. முன்பு யாரோ தண்ணீர் ஓஸை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். கிளிப் இறுக்கிய இடத்தில் மரக்கட்டை மாதிரி விறைத்து, அடியில் நீளமாக வெடித்திருந்தது. டீசலுக்கென்றே விற்கும் ஓஸ் ஒன்றரை அடி, ஸ்டீல் கிளிப் நான்கு: 1,400 ரூபாய்.

சரி, கதை முடிந்தது என்று பார்த்தால் இல்லை. தடை முடிந்து முதல் தடவை போனபோது கரையிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் எஞ்சின் நின்றது. ஏர் லாக், அதாவது டீசல் பைப்பில் காற்று புகுந்து அடைத்துவிட்டது. அந்த மெக்கானிக் பம்பைத் திரும்ப மாட்டும்போது பழைய காப்பர் வாஷர்களையே போட்டிருக்கிறார். டேங்கிலிருந்து வரும் பக்கத்து இணைப்பில் அது காற்றை இழுத்திருக்கிறது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது.

டவுனில் வேறொரு பம்ப் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறக்கவே இல்லை. பம்பின் தலையில், டீசல் வெளியேறும் டெலிவரி ஹோல்டர்களைப் பூட்டும் சின்ன ஸ்க்ரூக்களைக் காட்டினார். இரண்டு வருஷம் முன்னால் எஞ்சினுக்கு நானே அடித்த பச்சைப் பெயிண்ட் ஸ்க்ரூ தலையிலும் விளிம்பிலும் கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. "இதைக் கழற்றாம எலிமென்ட்டை எப்படி சார் வெளியே எடுக்க முடியும்? பெஞ்சில் ஓடவிட்ட அளவுச் சீட்டு ஏதாவது கொடுத்தாரா?" என்றார். பம்பைச் சோதனை பெஞ்சில் ஓட்டி அளந்து, அப்படி ஒரு சீட்டு கொடுப்பது உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

படகுக்கு வந்து பலகைக்கு அடியில் கிடந்த கவரைப் பிரித்தேன். உள்ளே எலிமென்ட் நாலுதான் இருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு.

மெக்கானிக்கிடம் போனில் கேட்டதற்கு, "கடைப் பையன் மாத்திக் கொடுத்துட்டான்ணே" என்றார். ஐயாயிரம் திரும்ப வந்தது. மீதி அடுத்த மாதமாம். இரண்டு மாதமாக அதே அடுத்த மாதம்தான்.