கடை கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் ஸ்டாண்டர்ட் கணக்கு: கட்டாயம் போடலாம்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே அட்மின் கணக்கு (கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள கணக்கு). யாராவது செருகும் பென் டிரைவில் வைரஸ் இருந்து, அது இயங்கிவிட்டால், அதற்கும் அட்மின் அதிகாரம் எளிதில் கிடைத்துவிடலாம். விண்டோஸோடு இலவசமாக வரும், அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்கு அதைப் பெருமளவு தடுக்கிறது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் பாஸ்வேர்டோடு புது அட்மின் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அதில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகே பழைய கணக்கை ஸ்டாண்டர்ட் ஆக்குங்கள். டெஸ்க்டாப், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

தலைவலி பழைய பில்லிங் சாஃப்ட்வேரில்தான். சில, டேட்டாவை, சாஃப்ட்வேர்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். அங்கே எழுத ஸ்டாண்டர்ட் கணக்குக்கு அனுமதி இல்லாததால் 'ஆக்சஸ் டினைடு' என்று நின்றுவிடலாம். இதற்காகத் திரும்ப அட்மின் ஆக்குவது ரொம்பத் தப்பு. டேட்டா ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி போய், யூசர்ஸுக்கு 'மாடிஃபை' (மாற்றி எழுதும் அனுமதி) கொடுத்தால் போதும். ஆனால் சாஃப்ட்வேரை இயக்கும் .exe ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கு இந்த அனுமதியைக் கொடுத்துவிடாதீர்கள். வைரஸ் அதையே மாற்றி எழுதிவிடும்.

ஒரு குறை உண்டு. அந்தக் கணக்கில் திறக்க முடிகிற பில், கணக்கு ஃபைல்களை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டுவதை இது தடுக்காது. கடை மூடும்போது எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, கழற்றி வையுங்கள்.